வரைபடம் போடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கட்டடக்கலை படித்து முடித்து, முதல் வேலையைக் கையில் எடுத்த பிள்ளைகள் திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் வீடு தேடி வரும்போது, அளவைப் பற்றியும் செலவைப் பற்றியும் மாநகராட்சி அனுமதியைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். அதையெல்லாம் விதிப்புத்தகமும் நல்ல கொத்தனாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் இரண்டு மனிதர்களுக்கு நடுவே விழுகிறது. அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்களா, பார்த்தால் நிற்பார்களா, நின்றால் பேசுவார்களா என்பதில் பெரும்பங்கு அந்தக் கோட்டின் கையில் இருக்கிறது. இதைச் சமூக உளவியல் படித்தவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களிலும் அது எழுதிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

1. பேப்பரை விரிக்கும் முன் தெருவில் போய் நில்லுங்கள்.

கிழக்கேகோட்டையில் தொடங்கி ஆரியசாலை வரை சாலைக் கம்போளத்தில் நடந்து பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சந்தை. அன்றிலிருந்து தமிழும் மலையாளமும் கலந்து விலை பேசுகிற தெரு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டடங்களை வரையாமல், ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். காலையில் ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை, விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை. புள்ளிகள் நடுத்தெருவில் விழாது. கடைப்படியில் விழும், ஓட்டுச் சாய்ப்பின் நிழலில் விழும், கொத்துவால் தெருவும் சபாபதி கோவில் தெருவும் வந்து சேரும் மூலைகளில் விழும். நிற்கிற மனிதனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரும் முகத்துக்கு முன்னால் ஒரு தெருவும் வேண்டும்.

பழைய கடைகளில் நிரைப்பலகையைக் கவனியுங்கள். ஒவ்வொரு பலகையாகக் கழற்றி அடுக்கிவிட்டால் முகப்பு முழுவதும் திறந்துகொள்ளும். வாங்க வந்தவர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு விலை கேட்கலாம். படியவில்லை என்றால் காலை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் இந்த வசதி கிடையாது. கதவைத் தள்ளும் முன்பே வேட்டியையும் செருப்பையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டு, தள்ளாமலே திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவு சொல்லிவிட்டது.

இந்தத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ தொகுப்பைத் தேடிப் படியுங்கள். கல்லூரியில் எந்தப் பாடத்திட்டத்திலும் அது இருக்காது. கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்த ஒருவருக்கு எத்தனை மனிதர்கள் தட்டுப்பட்டார்கள் என்பது அதில் தெரியும்.

2. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே படிப்படியாக இடம் விடுங்கள்.

வலியசாலையிலும் கரமனையிலும் மிச்சமிருக்கும் அக்ரகார வீடுகளுக்குள் யாராவது அழைத்துப் போனால் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வழிப்போக்கர் திண்ணையோடு சரி. தெரிந்தவர் ரேழி வரை. சொந்தக்காரர் கூடம் வரை. அடுக்களைக்குள் போகிற உரிமை வெகு சிலருக்கே. வந்தவரை எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இர்வின் ஆல்ட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட நூலில் தனிமைக்கு ஒரு விளக்கம் தந்தார். தனியாக அடைந்து கிடப்பதல்ல தனிமை. யாரை எவ்வளவு தூரம் அருகில் விடுவது என்பதை அவ்வப்போது கூட்டவும் குறைக்கவும் முடிகிற நிலை என்பது அவர் கருத்தின் சாரம். அக்ரகார வீட்டில் அதைக் கூட்டிக் குறைக்க ஐந்தாறு படிநிலைகள் இருந்தன. இன்றைய பிளாட்டில் ஒரே ஒரு கதவுதான். திறந்தால் சோபா, டிவி, சாப்பாட்டு மேசை எல்லாம் தெரியும். அடைத்தால் எதுவும் இல்லை. அதனால் அடைத்தே வைக்கிறார்கள். அதன்பிறகு பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

லிஃப்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே நான்கடி இடம் கொடுங்கள். அதில் வெளிச்சம் வர ஒரு ஜன்னல், உட்கார ஒரு அரைச்சுவர். பில்டர் சதுர அடிக் கணக்குச் சொல்லி மறுப்பார். இந்த ஒன்றுக்காக அவரோடு வாதாடுங்கள், மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

3. படிக்கட்டு யார் வாசலைக் கடந்து ஏறுகிறது என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் திருமணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டியது. லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் மூவரும் அங்கே யார் யாருக்கு நண்பர் என்று வீடு வீடாகக் கேட்டு, 1950-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி இருந்தவரைச் சொன்னவர்கள் 22 சதவீதம். மாடியின் இரு கோடியிலும் இருந்தவர்களுக்குள் அது 10 சதவீதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே சிறு தூரம்தான். கீழ்த்தளத்தில் படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் மேல்மாடியிலும் நண்பர்கள் அதிகம். மாடிக்காரர்கள் தினமும் அந்த வாசலைக் கடந்துதானே போக வேண்டும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, திட்டமிடாமல் நடக்கும் சந்திப்புகளுக்கு உள்ள பலம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம், குப்பை கொட்டப் போகும் நேரம், துணி உலர்த்தும் நேரம், இவற்றின் வழிகள் எங்கே குறுக்கிடுகின்றன என்று உங்கள் பிளானில் பென்சிலால் கோடிழுத்துப் பாருங்கள். எந்தக் கோடும் இன்னொன்றைத் தொடவில்லை என்றால் பிளானை மாற்றுங்கள்.

4. பக்கத்தில் வைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

இந்த அறிவுரையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெஸ்ட்கேட்டில் குடியிருந்தவர்கள் வயதிலும் படிப்பிலும் வாழ்நிலையிலும் ஒன்றுபோல இருந்தவர்கள். அதனால் பக்கத்து வாசல் நட்பானது. நம் ஊரில் நூற்றாண்டுக் கணக்கில் பக்கம்பக்கமாக வாழ்ந்தும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சனங்கள் இருந்தார்கள். இரண்டாவது அறிவுரையில் நான் புகழ்ந்த அதே திண்ணை யாரை எங்கே நிறுத்தியது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரேழி வரை வரலாம் என்பதற்கு ஒருவர் இருந்தால், தெருமுனை வரைகூட வரக்கூடாது என்பதற்கு ஒரு கூட்டமே இருந்தது. திருவிதாங்கூரில் எந்தச் சாதிக்காரர் எந்தச் சாதிக்காரரிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கே வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் எட்வர்ட் ஹால் 1966-இல் மனிதர்களுக்கு இடையிலான தூரங்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதியபோது, அவை பழக்கத்தால் அமைந்த தூரங்கள். இங்கே இருந்தது தண்டனைக்குப் பயந்து காத்த தூரம்.

ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். அவர் ஊரான வெங்ஙானூர் நம் நகரத்துக்குத் தெற்கே பக்கத்தில்தான். அந்தச் சாலையில் சுவர் இல்லை, கதவு இல்லை, வரைபடத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவருடைய மக்கள் அதில் கால்வைக்க முடியாதிருந்தது. திறந்தவெளி என்று வரைந்து பச்சை வண்ணம் அடித்துவிட்டால் அது எல்லாருக்கும் திறந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை கோயில் வாசல்களும் அப்படித்தான் இருந்தன.

அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, சாதி வேறுபாட்டை எதிர்த்த அய்யா வைகுண்டர் ஒரு காரியம் செய்தார். சாமித்தோப்பில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுத்துக் குளிக்க ஒரு கிணறு, முத்திரிக்கிணறு.  கட்டடம் என்று பார்த்தால் அந்தக் கிணறு ஒரு சுவர், நீர். அவ்வளவே. ஆனால் கிணற்றடியில் யாரும் உயரத்தில் நிற்க முடியாது. எல்லாருக்கும் ஒரே நீர், ஒரே வேலை. மேலிருந்து ‘சேர்ந்து குளியுங்கள்’ என்று சொல்ல மதிப்புக்குரிய ஒருவர் இருந்தார். கார்டன் ஆல்போர்ட் என்ற ஹார்வர்டு உளவியலாளர் 1954-இல் முன்முடிவுகளைப் பற்றி எழுதியபோது, வேறுபட்ட இரு கூட்டத்தார் சந்தித்தால் வெறுப்புக் குறைய நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம நிலை, பொதுவான நோக்கம், ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. அந்த நான்கையும் முத்திரிக்கிணற்றின் ஓரத்தில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே பள்ளிக்கூடமோ விடுதியோ குடியிருப்போ வரையும்போது, ‘இங்கே பொது இடம்’ என்று எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே வருகிறவர்களில் யார் உயரத்தில் உட்காருவார், யார் வாசலில் நிற்பார் என்று யோசியுங்கள். வேலைக்காரருக்குத் தனி லிஃப்ட், தனி வாசல் என்று வீட்டுக்காரர் கேட்டால் வரைந்து கொடுக்காதீர்கள். இன்று அதற்குச் சுகாதாரம், பாதுகாப்பு என்று பெயர் சொல்வார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும்.

5. களைத்து வருகிறவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கி பார்த்திருப்பீர்கள். இரண்டு நிலைக்கல், மேலே ஒரு குறுக்குக்கல். தலையில் சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் அதை இறக்கிவைத்து, திரும்பத் தூக்கிக்கொள்ளத் தோதான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுகிற வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இறக்கிவைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, முகம் தெரியாத யாரோ ஒருவரின் சுமையைத் தாங்க ஒரு கல். இதைவிடப் பெரிய கட்டடக்கலையை நான் கண்டதில்லை. அளவும் கணக்கும் மனசும் மூன்றும் அதில் சரியாக இருக்கின்றன.

இன்று சாலைத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் கடைப்படியில்தான் உட்கார வேண்டும். அந்தப் படியிலும் சில புதுக் கட்டடங்கள் கம்பி முள் பதிக்கின்றன. நியூயார்க்கின் சதுக்கங்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980-இல் வெளிவந்த தன் நூலில் பெரிய உண்மையாக எழுதியது என்ன தெரியுமா? உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பதுதான். ஓரடி முதல் மூன்றடி வரை உயரமுள்ள எந்த விளிம்பும் இருக்கையாகிவிடும் என்றும் கண்டார். உங்கள் கட்டடத்தின் அடித்தளம் எப்படியும் ஒன்றரை அடி வெளியே தெரியத்தான் போகிறது. அதை ஓரடி நீட்டிவிடுங்கள். முள் பதிக்கச் சொன்னால், பதிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

6. நீண்ட நடைவழியைத் துண்டு போடுங்கள்.

விடுதி, மருத்துவமனை, வேலைபார்க்கும் பெண்கள் தங்கும் இடம், எதுவானாலும் சரி. ஒரே நீளத்தில் இருபுறமும் அறைகள் வைத்தால் அங்கே குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒதுக்கத் தொடங்குகிறார்கள் என்பதை ஆண்ட்ரூ பாமும் ஸ்டூவர்ட் வாலின்ஸும் மாணவர் விடுதிகளில் ஆராய்ந்து 1977-இல் காட்டினார்கள். நாற்பது பேர் ஒரு நடைவழியைப் பகிர்ந்தால் யாரை எப்போது சந்திப்போம் என்பது யார் கையிலும் இல்லை. பின்னர் நடந்த ஓர் ஆய்வில், நடுவில் ஒரு கதவும் ஒரு பொது அறையும் வைத்து அதை இருபது இருபதாகப் பிரித்தபோது நிலைமை மாறியது. செலவு குறைவு. செய்துவிடுங்கள்.

7. தம்பானூர் காபி ஹவுஸில் தனியாகப் போய் உட்காருங்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல்லில் சுருண்டு எழும் அந்தக் கட்டடத்தை லாரி பேக்கர் வடிவமைத்தார். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, 1970 வாக்கில் நம் ஊருக்குக் குடிவந்து, 2007-இல் இங்கேயே கண்மூடியவர். காபி ஹவுஸில் தளம் என்று தனியாக எதுவும் இல்லை. நடுத்தண்டைச் சுற்றி ஒரே சரிவு மேலேறிப் போகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டியே வைத்த மேசைகளும் இருக்கைகளும். சுவரில் வரிசையாக ஓட்டைகள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே.

அங்கே எவரும் யாருக்கும் மேல்மாடியில் இல்லை. ஏறிப்போகிறவர் எல்லா மேசையையும் கடந்தே போக வேண்டும், இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப்பக்கம் பத்திரம். வக்கீலும் வழியனுப்ப வந்தவரும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்த் திரும்பும் கிராமத்துக்காரரும் ஒரே அளவு இருக்கையில் உட்காருகிறார்கள். தனியாக வருகிற பெண்ணும் அங்கே தயக்கமில்லாமல் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம். ஓர் இடம் நல்லதா என்று அறிய எனக்கு அதுதான் முதல் சோதனை.

கனடாவில் ஒரு முதியோர் வார்டில் புது நாற்காலிகள் வாங்கிச் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ராபர்ட் சோமர் அந்த நாற்காலிகளைச் சின்னச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போடச்செய்தார். முதலில் முதியவர்களே முணுமுணுத்தார்கள். சில வாரத்தில் பேச்சு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. சுவரை இடிக்காமல், நாற்காலியைத் திருப்பியே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது.

8. பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்று கேளுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையில் மர அழிகளின் வழியே உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. நம் பழைய வீடுகளின் அழிகளும் அதையே செய்தன. பேக்கர் செங்கல்லில் ஓட்டை விட்டுக் கட்டிய சுவர்களும் அந்த வழியில் வந்தவை. அழகான வேலை. ஆனால் அந்த அழிக்குப் பின்னால் பெரும்பாலும் பெண்களே நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. பாதுகாப்பு என்று ஆண்கள் சொன்னது அவர்களுக்குச் சிறையாக இருந்ததா என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. நீங்கள் கேளுங்கள். வீடு கட்டுவதற்குப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அப்பாவும் மகனுமாக இருப்பார்கள். அம்மாவையும் மருமகளையும் பார்க்காமல் பிளானுக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். அடுக்களை ஜன்னல் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும்.

9. ஏழைகளுக்கு வீடு கட்டும்போது, அங்கே ஏற்கனவே இருப்பதை எண்ணுங்கள்.

சாலைக்குப் பக்கத்திலேயே கரிமடம் காலனி. பேக்கரும் அவர் தோழர்களும் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு அங்கே குடிசைகளின் இடத்தில் அடுக்குவீடுகள் கட்டியது. போய்ப் பாருங்கள், குடியிருப்பவர்களோடு பேசுங்கள், புகைப்படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

குடிசைப்பகுதிக்குள் நுழையும் இளம் ஆர்க்கிடெக்டின் கண்ணுக்கு முதலில் படுவது இல்லாதவைதான். கழிப்பறை இல்லை, காற்றில்லை, வழியில்லை. அவை கட்டாயம் வேண்டும். ஆனால் எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து மீன் நறுக்கும் இரண்டு பெண்கள் ஒரு டஜன் குழந்தைகளைக் கண்காணிக்கிறார்கள். சீட்டுப்பணம் பிடிப்பவர் யார், நள்ளிரவில் ஆட்டோ எடுப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த ஏற்பாடுகள் எந்த எஸ்டிமேட்டிலும் வராது. இடித்த பிறகுதான் அவற்றின் விலை தெரியும். சென்னையில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களுக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் கேட்டால் வேலையும் பள்ளியும் தூரமானதைச் சொல்வார்கள். அதே மூச்சில் பழைய அக்கம்பக்கத்தையும் சொல்வார்கள்.

பூந்துறையில் மீனவர்களுக்காக 1970-களில் பேக்கர் வீடுகள் வரைந்தபோது அவற்றை நேர்வரிசையில் அடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று சற்று விலக்கி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. வீடுகளுக்கு நடுவே வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் சிறு முற்றங்கள் உண்டாயின. அதே செங்கல், அதே செலவு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் புரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு இருந்தது. மினோரு யமசாகி வரைந்தது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடிகளில் நீண்ட பொதுத் தாழ்வாரங்கள், மக்கள் கூடிப் பழகட்டும் என்று. அந்தத் தாழ்வாரங்களில் நடக்கவே மக்கள் பயந்தார்கள். 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஆஸ்கர் நியூமன் தன் நூலில், ஒரு வாசலைப் பகிரும் குடும்பங்கள் குறையக் குறைய அந்த இடத்தைத் தம்முடையதாகக் கருதிக் காக்கிறார்கள் என்று எழுதினார். அதில் உண்மை உண்டு. ஒரு படிக்கட்டுக்கு ஆறு எட்டு குடும்பம் என்பதே என் கணக்கும். ஆனால் எல்லாப் பழியையும் வரைபடத்தின் மேல் போடுவதும் சரியல்ல. பராமரிப்புக்குப் பணம் இல்லை, நகரத்தில் வேலை குறைந்தது, நிறவெறி ஒரு பக்கம். லிஃப்ட் பழுதானால் சரிசெய்ய ஆளில்லாத கட்டடத்தை எந்த வடிவமும் காப்பாற்றாது. பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் வராமல் அடுக்குவீட்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. வீடு ஒதுக்கக் குலுக்கல் போடுவது நேர்மையான முறை என்று அதிகாரிகள் சொல்வார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறார்கள் என்று முதலில் கேட்டு, கூட்டம் கூட்டமாகக் குலுக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையும் கெடாது, உறவும் அறாது.

10. குனிய வைக்காதீர்கள்.

அரசு அலுவலகமோ வங்கியோ வரைந்தால், மனுக் கொடுக்கும் ஜன்னல் நிற்கிறவரின் முக உயரத்தில் இருக்கட்டும். நாற்காலி போட முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயர நாற்காலி. இடுப்பை வளைத்து ஓட்டைக்குள் பேசுகிறவர் தன் உரிமையைக் கேட்பவராகத் தன்னை உணர மாட்டார்.

11. கீழ்த்தளத்தைக் கார்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்பட்டுக் கரமனை வழியாக நகரத்துக்குள் வருகிறார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். நங்கைக்குச் செந்திட்டை. குமாரசாமிக்கு நம் ஆரியசாலை தேவி கோயில். 1956-இல் மாநில எல்லை நடுவே வந்தும் இந்த வருகை நிற்கவில்லை.

அன்று இந்தத் தெருவைப் பாருங்கள். சரக்கு லாரி நின்ற இடத்தில் விளக்கும் தட்டுமாக ஆட்கள். பழைய வீடுகளும் கடைகளும் படியையும் திண்ணையையும் தெருவுக்குக் கொடுக்கின்றன. பாட்டிகள் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள். தூணில் நிறுத்தி அடியில் முழுக்கக் கார் விட்ட புதுக் கட்டடத்தின் முன் மட்டும் யாரும் நிற்பதில்லை. அங்கே சாய ஒரு சுவர் இல்லை, பேச ஒரு முகம் இல்லை. மற்ற நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு அந்த இருட்டைக் கடக்கப் பெண்பிள்ளைகள் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள். கார் நிற்க வேண்டும்தான். பின்பக்கமாக நிற்கட்டும். தெருவைப் பார்த்த பத்தடி ஆழத்தையாவது கடைக்கோ, காவலாளி அறைக்கோ, தையல்காரருக்கோ, நூலகத்துக்கோ கொடுங்கள்.

12. ஓராண்டு கழித்துத் திரும்பிப் போங்கள்.

சாவி கொடுத்த அன்று எடுத்த படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு, கூலி கேட்காமல், சொல்லிவிட்டுப் போங்கள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள், மரியாதைக்காக. அதனால் வேறு கேள்விகள் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் என்ன? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் கொண்டுவருவார்? சாயங்காலம் எங்கே உட்காருவீர்கள்? தபால்காரரும் பால்காரரும் எங்கே நின்று கூப்பிடுகிறார்கள்? பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, அந்தக் கட்டடத்தின் வரைபடத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். யாராவது படியில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தால், கைப்பிடிச் சுவரில் பலகை அடித்து இருக்கையாக்கியிருந்தால், வாசலை மறித்துத் தகரம் வைத்திருந்தால், அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு உட்காரும்போது முதலில் அந்தக் கட்டைப் பிரியுங்கள்.